ஏழு கன்னி மலையில மோதின விமானமும், அதே வாரம் அமெரிக்காவுல மோதினதும்

1974 டிசம்பர் 4, ராத்திரி பத்து மணி வாக்குல, இலங்கையில மஸ்கெலியா பக்கம் நார்ட்டன் பிரிட்ஜ் கிட்ட இருக்கற ஏழு கன்னி மலையில ஒரு டிசி-8 விமானம் போய் மோதிச்சு. மார்ட்டின்ஏர்னு ஒரு டச்சு கம்பெனியோட விமானம், இந்தோனேசியாவோட கருடா விமான கம்பெனி அதை ஹஜ் யாத்திரைக்காக வாடகைக்கு எடுத்திருந்தாங்க, சுரபாயாவுல கிளம்பி வழியில கொழும்புல இறங்கிட்டு அப்புறம் ஜெட்டா போறதா இருந்தது. 182 யாத்ரீகர்கள், 9 சிப்பந்திகள், மொத்தம் 191 பேர். ஒருத்தர் கூட பிழைக்கல. இலங்கையில நடந்த விமான விபத்துகள்லயே இன்னைக்கு வரைக்கும் இதுதான் பெரிசு. சுத்தி எல்லாம் தேயிலைத் தோட்டம், தொழிலாளிங்க இருக்கற லயன் வீடுகள், நம்ம மலையக சனங்க இருக்கற ஊரு. அந்த விமானத்தோட ஒரு டயரை இன்னும் நார்ட்டன் பிரிட்ஜ்ல நினைவா வச்சிருக்காங்க.

இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்தது, ஏன்னா மலையில விமானம் மோதின செய்தி எப்ப வந்தாலும் மறுநாளே பேப்பர்ல "பைலட் தவறு"ன்னு ரெண்டு வார்த்தை போட்டு முடிச்சிடறாங்க, படிக்கறவங்களும் ஐயோ பாவம்னு சொல்லிட்டு அடுத்த பக்கம் போயிடறாங்க. ஆனா அந்த ரெண்டு வார்த்தைக்குப் பின்னாடி என்ன நடந்ததுன்னு பாத்தா அப்படி முடிக்கவே மனசு வராது.

இந்த மாதிரி விபத்துகள்ல நிறையதுல விமானத்துல ஒரு கோளாறும் இருக்காது. இன்ஜின் நல்லா ஓடுது, இறக்கை நல்லா இருக்கு, பைலட் சொல்றதை விமானம் அப்படியே கேக்குது, ஆனா நேரா மலைக்குள்ள போகுது. கன்ட்ரோல்டு ஃபிளைட் இன்டு டெரெய்ன்னு இதுக்கு பேரே இருக்கு, சுருக்கமா சிஃபிட்னு சொல்வாங்க. உள்ள இருக்கற யாருக்கும் கடைசி சில செகண்ட் வரைக்கும் ஏதோ தப்பா இருக்குன்னே தெரியாது.

டிசி-8 விஷயத்துக்கு வர்றேன். இலங்கை மேப்பைப் பாருங்க, கொழும்புக்கான கட்டுநாயக்கா ஏர்போர்ட் மேற்குக் கரையில இருக்கு. இந்தோனேசியாவுல இருந்து வர்ற விமானம் கிழக்குப் பக்கமா தீவுக்குள்ள நுழைஞ்சு நடுவுல இருக்கற மலைநாட்டைத் தாண்டித்தான் அங்க போகணும். அப்ப ஜிபிஎஸ் கிடையாது. அந்த விமானத்துல இருந்தது டாப்ளர்னு ஒரு கருவி, கீழ தரையிலயோ கடல்லயோ பட்டு திரும்பி வர்ற ரேடார் அலையை வச்சு எவ்வளவு வேகத்துல போறோம், எந்தப் பக்கம் தள்ளிப் போறோம்னு கணக்கு போட்டு, அதைக் கூட்டிக் கூட்டி இப்ப எங்க இருக்கோம்னு சொல்லும். பல மணி நேரம் கடல் மேல வந்தா சின்னச் சின்ன பிழை எல்லாம் சேந்து பெரிசாயிடும். அதோட வானிலை ரேடார்ல தெரியற கரையோட உருவத்தைப் பாத்தும் இடத்தை அனுமானிப்பாங்க. விசாரணை அறிக்கை சொன்னது இதைத்தான்: இந்த ரெண்டு கருவியையும் நம்பி ஏர்போர்ட்டுக்கு எவ்வளவு தூரத்துல இருக்கோம்கறதைத் தப்பா எடுத்துக்கிட்டு, பாதுகாப்பான உயரத்துக்கும் கீழ இறங்கிட்டாங்க. ஏர்போர்ட்டுக்கு இன்னும் சுமார் 40 நாட்டிகல் மைல் இருந்தது. இருட்டு, மலைநாடு, சுமார் 4,300 அடி உயரத்துல மோதல். அந்த அறிக்கையில எனக்கு முக்கியமாப் பட்டது, அந்தக் கருவிகள் தப்பாப் புரிஞ்சுக்கறதுக்கு இடம் கொடுத்துச்சுன்னு அவங்களே சொன்னதுதான். அப்ப வெறும் பைலட்டை மட்டும் சொல்லி முடிக்க முடியாது இல்லையா.

இதுக்கு மூணு நாள் முன்னாடி, டிசம்பர் 1, அமெரிக்காவுல டிடபிள்யூஏ கம்பெனியோட 514னு ஒரு போயிங் 727 விமானம் வாஷிங்டன் பக்கத்துல மவுண்ட் வெதர்ங்கற மலையில மோதி 92 பேரும் செத்துப் போனாங்க. வாஷிங்டன் நேஷனல்ல காத்து அதிகமா இருந்ததால டல்லஸ் ஏர்போர்ட்டுக்குத் திருப்பி விட்டாங்க. டல்லஸ்னா டெக்சாஸ்ல இருக்கற ஊர் இல்ல, வாஷிங்டனோட இன்னொரு ஏர்போர்ட். ரன்வேக்கு இன்னும் நாற்பது மைலுக்கு மேல இருக்கும்போதே கன்ட்ரோலர் "அப்ரோச்சுக்கு அனுமதி", அதாவது ரன்வேயை நோக்கி இறங்கி வரலாம்னு சொல்லிட்டாரு. பைலட்டுங்க அதை எப்படி எடுத்துக்கிட்டாங்கன்னா, அனுமதி கொடுத்தாச்சு, அப்ப நாம இருக்கற இடத்துல இருந்து 1,800 அடிக்கு இறங்கலாம், தடை எதுவும் இருந்தா அவரே சொல்லியிருப்பாரேன்னு. கன்ட்ரோலர் நினைச்சது, உயரம் பாத்துக்கறது பைலட் பொறுப்பு, சார்ட்ல (பைலட்டுங்க வச்சிருக்கற மேப்ல) இருக்கு, பாத்துப்பாங்கன்னு. ரெண்டு பேரும் அவங்கவங்க படிச்ச முறைப்படிதான் நடந்தாங்க!

இதுல மனசை அறுக்கற விஷயம் காக்பிட் ரெக்கார்டிங்ல இருக்கு. கேப்டன் கையில இருக்கற சார்ட்டைப் பாக்கறாரு, இந்த பேப்பர்ல 3,400 அடிதான் கம்மி உயரம்னு போட்டிருக்கேன்னு அவர் வாயாலயே சொல்றாரு. கூட இருக்கறவங்களும் அதைப் பத்திப் பேசறாங்க. பேசிட்டு, அனுமதி கொடுத்துட்டாங்கன்னா இறங்கலாம்னுதான் அர்த்தம்னு முடிவு பண்றாங்க. சரியான நம்பர் கண்ணு முன்னாடி இருந்திருக்கு, சந்தேகமும் வந்திருக்கு, ஆனா மைக்கை எடுத்து "எந்த உயரம்"னு ஒரு கேள்வி கேக்கல.

இன்னொண்ணு கேளுங்க. அதுக்கு சுமார் ஆறு வாரம் முன்னாடி யுனைடெட் கம்பெனியோட விமானம் ஒண்ணு அதே இடத்துல அதே மாதிரி இறங்கி நூலிழையில தப்பிச்சிருக்கு. அவங்க தங்களோட பைலட்டுங்களுக்கு மட்டும் எச்சரிக்கை அனுப்பினாங்க. மத்த கம்பெனிக்கு அது போய்ச் சேரல. சேந்திருந்தா? விசாரணையில இது வெளிய வந்த பிறகுதான், எந்த கம்பெனி பைலட்டா இருந்தாலும் தன்னோட தப்பையோ தப்பிச்ச கதையையோ பயமில்லாம எழுதி அனுப்பலாம், தண்டனை வராதுன்னு 1976ல நாசா மூலமா ஒரு ஏற்பாடு கொண்டு வந்தாங்க. இப்பவும் நடக்குது. என்னைக் கேட்டா விமானப் பாதுகாப்புல நடந்த பெரிய மாற்றங்கள்ல இது ஒண்ணு, புது இன்ஜின் கண்டுபிடிச்சதுக்கு சமம்.

அந்த விபத்தோட இன்னொரு விளைவு, பெரிய விமானங்கள்ல தரை எச்சரிக்கைக் கருவி கட்டாயம்னு அமெரிக்காவுல உத்தரவு வந்தது. டான் பேட்மேன்னு ஒரு இன்ஜினியர் தன்னோட வாழ்நாள் பூரா இதுக்குன்னே உழைச்சவரு. "புல் அப், புல் அப்"னு கத்தற அந்தக் குரல் இதுல இருந்து வர்றதுதான். ஆனா முதல்ல வந்த கருவி நேரா கீழ மட்டும்தான் பாக்கும், முன்னாடி என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது. சரிவா ஏறுற மலைன்னா சரி, செங்குத்தா நின்னா எச்சரிக்கை வர்றப்ப நேரம் முடிஞ்சிருக்கும். 1979 நவம்பர் 28 அண்டார்டிகாவுல எரபஸ் மலையில ஏர் நியூசிலாந்து டிசி-10 மோதி 257 பேர் போனப்ப எச்சரிக்கை வந்து ஆறு செகண்ட்தான் கிடைச்சது. அங்க பனியும் மேகமும் ஒரே வெள்ளையாக் கலந்து எதிர்ல மலை இருக்கறதே கண்ணுக்குத் தெரியல, அதோட முந்தின ராத்திரி கம்ப்யூட்டர்ல வழித்தடத்தோட புள்ளியை மாத்திட்டு பைலட்டுக்குச் சொல்லல.

அடுத்தது 1995 டிசம்பர் 20, கொலம்பியாவுல காலிங்கற பேர்ல இருக்கற ஊருக்குப் போன அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965 விமானம். ரெண்டு பக்கமும் ஆண்டிஸ் மலை, நடுவுல நீளமான பள்ளத்தாக்கு, ராத்திரி. கம்ப்யூட்டர்ல ரோசோங்கற வழிகாட்டி நிலையத்துக்குப் போகணும்னு நினைச்சு ஆர்னு ஒரு எழுத்தைப் போட்டாங்க, அது பொகோட்டா பக்கம் இருக்கற ரோமியோங்கற வேற நிலையத்தை எடுத்துக்கிச்சு, விமானம் சத்தமில்லாம இடது பக்கம் திரும்பி மலையைப் பாக்கப் போயிடுச்சு. எச்சரிக்கை வந்ததும் முழு பவர் கொடுத்து மூக்கைத் தூக்கினாங்க, ஆனா இறங்கறதுக்காக விரிச்சு விட்டிருந்த ஸ்பீட் பிரேக்கை (இறக்கை மேல எழும்பி நின்னு வேகத்தைக் குறைக்கற தகடு) மடக்க மறந்துட்டாங்க. 163 பேர்ல 4 பேர்தான் பிழைச்சாங்க. இதுக்கு அப்புறம்தான் பேட்மேன் குழு செஞ்ச புது கருவியை எல்லாரும் அவசரமா வாங்க ஆரம்பிச்சாங்க. அது உலகத்தோட மலை மேடு பள்ளம் எல்லாத்தையும் மெமரில வச்சுக்கிட்டு, ஜிபிஎஸ்ல தன் இடத்தைப் பாத்து, முன்னாடி மலை வருதுன்னு சுமார் ஒரு நிமிஷம் முன்னாடியே சொல்லும். இது வந்த பிறகு பெரிய பயணிகள் விமானம் மலையில மோதறது ரொம்பவே குறைஞ்சு போச்சு.

நம்ம ஊருக்கு வருவோம். அணு விஞ்ஞானி ஹோமி பாபா போன ஏர் இந்தியா விமானம், 1966 ஜனவரி 24, மோன் பிளாங்க் மலை, 117 பேர். இதைச் சுத்தி எத்தனை சதிக் கதைகள் வாட்ஸ்அப்ல ஓடுது! பிரெஞ்சுக்காரங்களோட விசாரணை முடிவைப் படிச்சா டிடபிள்யூஏ கதையே திரும்ப வர்ற மாதிரி இருக்கும். விமானத்துல ஒரு விஓஆர் கருவி (தரையில இருக்கற ரேடியோ நிலையத்தை வச்சு திசை காட்டறது) வேலை செய்யலன்னு பெய்ரூட்ல கிளம்பும்போதே கேப்டனுக்குத் தெரியும். மலையைத் தாண்டியாச்சுன்னு ஒரு கணக்கு போட்டு ஜெனீவா கன்ட்ரோலர் கிட்ட சொன்னாரு, ரேடார்ல பாத்த கன்ட்ரோலர் அது தப்புன்னு கண்டுபிடிச்சு திருத்தியும் சொன்னாரு, ஆனா சொன்ன வார்த்தை துல்லியமா இல்ல. கேப்டன் தான் நினைச்சதைத்தான் அவரும் சொல்றாருன்னு எடுத்துக்கிட்டு இறங்கிட்டே இருந்தாரு. அதே மலையில 1950 நவம்பர் 3 ஏர் இந்தியாவோட மலபார் பிரின்சஸ் மோதி 48 பேர் ஏற்கெனவே செத்திருந்தாங்க.

தேனிக்காரங்க சில பேருக்கு ஞாபகம் இருக்கும், 1971 டிசம்பர் 9 சின்னமனூர் பக்கம் இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம் ஒண்ணு மலையில மோதிச்சு. திருவனந்தபுரத்துல இருந்து மதுரைக்கு வந்துக்கிட்டிருந்தது, பகல் நேரம்தான், ஆனா பார்வைத் தூரம் கம்மி, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டறதுக்குள்ள இறங்க ஆரம்பிச்சிட்டாங்க. 31 பேர்ல 21 பேர் போயிட்டாங்க. மதுரைக்கு இன்னும் சுமார் 50 மைல். கட்டுநாயக்காவுக்கு 40, டல்லஸுக்கு 40க்கு மேல, மதுரைக்கு 50. எல்லாமே இனி இறங்கலாம்னு நினைச்ச தூரம்.

குன்னூர் எல்லாருக்கும் தெரியும். 2021 டிசம்பர் 8, சூலூர்ல இருந்து வெலிங்டனுக்கு ஜெனரல் பிபின் ராவத் போன எம்ஐ-17, நஞ்சப்பசத்திரம் கிட்ட விழுந்தது, மொத்தம் 14 உயிர். ரயில் பாதையில நடந்து போனவங்க எடுத்த அந்த வீடியோ, ஹெலிகாப்டர் பனிக்குள்ள நுழைஞ்சு மறையுது, சத்தம் மட்டும் கேக்குது, அப்புறம் சத்தம் மாறுது, "உடைஞ்சிருச்சா?"ன்னு அவங்களுக்குள்ள கேட்டுக்கறாங்க. விசாரணையில சொன்னது, பள்ளத்தாக்குல வானிலை திடீர்னு மாறி மேகத்துக்குள்ள போனதால பைலட்டுக்கு திசை உணர்வு தப்பிடுச்சுன்னு. இது வெளிய இருந்து பாக்கறவங்களுக்குப் புரியாது. மேகத்துக்குள்ள கண்ணுக்கு ஒண்ணும் தெரியாதப்ப நம்ம உடம்பு காதுக்குள்ள இருக்கற திரவத்தை வச்சுத்தான் சாயறோமா நேரா இருக்கோமான்னு முடிவு பண்ணுது, மெதுவாத் திரும்பினா அது கொஞ்ச நேரத்துல அடங்கிடும், அப்ப சாஞ்சு போறப்பவே நேரா போற மாதிரி இருக்கும், நேராக்கினா எதிர்ப்பக்கம் சாயற மாதிரி தோணும். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் உடம்பு இப்படித்தான் ஏமாத்தும். அன்னைக்கு முதல்ல ஓடி வந்தது நஞ்சப்பசத்திரம் ஜனங்கதான், வீட்டுக் கம்பளியைக் கொண்டு வந்து அதுல தூக்கிக் கொடுத்தாங்க. அந்த மனுஷங்களைப் பத்தி இன்னும் நிறைய எழுதியிருக்கணும்.

இப்ப மிச்சம் இருக்கற பிரச்சினை சின்ன விமானமும் ஹெலிகாப்டரும்தான். நேபாளத்துல 2022 மே 29 பொக்காராவுல இருந்து ஜோம்சோம் போன தாரா ஏர் ட்வின் ஓட்டர், 22 பேர், அதுல 4 பேர் இந்தியர்கள். அந்த விமானத்துல தரை எச்சரிக்கைக் கருவி இருந்தது, ஆனா ஆஃப் பண்ணி வச்சிருந்தாங்கன்னு அறிக்கை சொல்லுது. ஏன் ஆஃப் பண்றாங்கன்னு யோசிச்சுப் பாருங்க, அங்க பள்ளத்தாக்குக்குள்ளதான் பறக்கணும், ரெண்டு பக்கமும் எப்பவும் மலை, அதனால கருவி சும்மா சும்மா கத்தும், கத்திக்கிட்டே இருந்தா பைலட் மத்த வேலையைப் பாக்க முடியாது. ஆஃப் பண்ணின பைலட்டைத் திட்டறது சுலபம், ஆனா அந்த வழித்தடத்துக்கு ஏத்த மாதிரி அந்தக் கருவியை யாராவது சரி பண்ணிக் கொடுத்திருக்கணும் இல்லையா? அது கம்பெனி வேலை, கருவி செய்யறவங்க வேலை, அரசாங்கத்தோட வேலை.

அந்த விபத்து நடந்த ரெண்டு மூணு நாள்லயே நேபாள விமானத் துறை ஒரு உத்தரவு போட்டாங்க. அதுவரைக்கும் கிளம்பற ஊர்லயும் இறங்கற ஊர்லயும் வானிலை நல்லா இருந்தா போதும். இனிமே நடுவுல போற வழி முழுக்க நல்லா இருந்தாத்தான் கிளம்ப அனுமதின்னு மாத்தினாங்க. மலையில நடுவழிதான் ஆபத்துன்னு அங்க பறக்கற எல்லாருக்கும் பல வருஷமா தெரிஞ்ச விஷயம்தான் அது.