காற்றும் அமாவாசையும் பார்த்து ஒரு சான்சிபார் பயணத் திட்டம்

சென்னை ஐ.ஐ.டி. தன் வளாகம் ஒன்றை 2023ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய பிறகு, சான்சிபார் என்ற பெயர் நம் ஊரில் பலருக்கும் அறிமுகமாகிவிட்டது. தான்சானியாவைச் சேர்ந்த அந்தத் தீவுகளுக்குக் குடும்பத்தோடு போவதென்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். என் மைத்துனருக்கு ஆழ்கடலில் தூண்டில் போட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை; என் மனைவிக்குப் பழைய ஊர்களும் அவற்றின் வாழ்க்கையும்தான் பயணம். இருவருக்கும் நிறைவாக அமைய வேண்டுமானால், விடுமுறை எப்போது கிடைக்கும் என்று கேட்பதற்கு முன்னால் அங்கே எந்தக் காற்று எப்போது வீசும் என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அங்கே ஆண்டை இரண்டு காற்றுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வீசுவது கஸ்காசி. ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசுவது கூசி; நிலநடுக்கோட்டைக் கடந்ததும் திசை திரும்பி நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்றாக வந்து சேர்வதும் அதுவே. ஓமானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் புறப்பட்ட பாய்மரக் கப்பல்கள் கஸ்காசியில் வந்து, கூசிக்காகக் காத்திருந்து திரும்பின. அந்தக் காத்திருப்பு மாதங்களில் நடந்த வணிகமும் திருமணங்களும் குடியேற்றங்களும் சேர்ந்துதான் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத்தின் சுவாஹிலிப் பண்பாட்டை உருவாக்கின. ஆகவே காற்றைப் பார்த்து நாள் குறிப்பது மீன்பிடிப்புக்காக மட்டும் செய்யும் ஏற்பாடு அன்று.

மீன்பிடிப்பைப் பொறுத்தவரை, தீவுகளுக்கு இடையிலான வேறுபாட்டை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். முதன்மைத் தீவான உங்குஜாவுக்கும் ஆப்பிரிக்கப் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள கடல் ஆழம் குறைந்தது. வடக்கே உள்ள பெம்பா தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள பெம்பா கால்வாயோ நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குச் சரிந்து இறங்குகிறது. பெரிய மீன்கள் கரைக்கு இவ்வளவு அருகில் வருவதற்கு அந்த ஆழமே காரணம். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை மஞ்சள் துடுப்புச் சூரையும், நவம்பர் முதல் மார்ச் வரை மயில் மீனும் கொப்பரன் மீனும் அங்கே பரவலாகக் கிடைக்கின்றன. உங்குஜாவின் வடமுனையில் இருக்கும் நுங்வியிலிருந்து இந்தக் கடலுக்குப் படகில் எளிதாகப் போய்விடலாம் என்பதால் அதையே எங்கள் தங்குமிடமாகத் தேர்ந்தெடுத்தோம்.

இங்கேதான் மனைவியின் விருப்பம் குறுக்கே வந்தது. உங்குஜாவின் தென்கோடியில் உள்ள மகுண்டுச்சி கிராமத்தில், பாரசீக வழியில் வந்த சூரியப் புத்தாண்டை ஜூலை மாதத்தில் ம்வாகா கோக்வா என்ற பெயரில் கொண்டாடுகிறார்கள். பழைய ஆண்டின் மனத்தாங்கல் எல்லாம் தீர்ந்துபோகும்படி ஆண்கள் வாழைத்தண்டுகளால் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வார்கள்; பெண்கள் நல்லாடை உடுத்திப் பாடி வருவார்கள்; ஓலைக் குடிசை ஒன்றைத் தீயிட்டுக் கொளுத்துவார்கள். அன்று வீட்டுக்கு விருந்தாளி வராமல் போவது நல்லதன்று என்பது அந்த ஊரின் நம்பிக்கை. இப்படிப்பட்ட விழாவை விட்டுவிடுவதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஜூலையில் கூசி ஓங்கி வீசும். சிறு படகுகளுக்குக் கடல் கடினமாக இருக்கும். பிப்ரவரியில் நகரக் கோட்டையில் நடைபெறும் சௌதி சா புசாரா இசை விழாவையும் யோசித்தோம். 2027ஆம் ஆண்டில் பிப்ரவரியிலேயே ரமலான் தொடங்கிவிடுகிறது. ஊரே நோன்பிருக்கும் பகற்பொழுதில் படகோட்டிகளை வெயிலில் அலைக்கழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே சனவரியை எடுத்துக்கொண்டோம்.

சனவரியிலும் எந்த வாரம் என்பதை நாட்காட்டியில் அமாவாசையைப் பார்த்தே குறித்தோம். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் அங்கே கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையே ஏறத்தாழ 4 மீட்டர் வேறுபாடு இருக்கும். அப்படி நன்றாக வற்றும் நாட்களில் கிழக்குக் கரையின் பவளத்திட்டுகள் வெகுதூரம் வெளியே தெரிய, ஜாம்பியானி, பாஜே போன்ற ஊர்களின் பெண்கள் கையில் குச்சியோடு பேய்க்கணவாய் எனப்படும் ஆக்டோபஸைப் பிடிக்க இறங்குவார்கள். பாறைப் பொந்தின் வாயில் உடைந்த சிப்பி ஓடுகள் சிறு குவியலாகக் கிடந்தால் உள்ளே அது இருக்கிறது என்று பொருள். குச்சியை நுழைத்துச் சீண்டி, சுற்றிக்கொள்ளும் கைகளோடு வெளியே இழுத்து, இறைச்சி மிருதுவாகும்படி தரையில் பலமுறை அடிப்பார்கள். அந்தத் திட்டு அவர்கள் பிழைப்புக்கான இடம் என்பதால், ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்தி, அனுமதி கேட்ட பிறகே இறங்குவதாக இருக்கிறோம். பௌர்ணமியைவிட அமாவாசையை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டகா எனப்படும் சிறு மீன்களை நிலவில்லாத இரவுகளில் விளக்கு வைத்துத்தான் பிடிக்கிறார்கள்.

முன்பு வேலை நிமித்தமாகச் சென்றபோது நுங்வியின் கடற்கரையில் மரப்படகு கட்டுவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வரைபடம் எதுவும் இல்லாமல், பெரியவர் ஒருவர் கண்ணளவிலேயே பலகையின் வளைவைச் சரிபார்த்து வாய்ச்சியால் செதுக்கினார். அவர் அருகில் இருந்த இளைஞர், எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரியைப் பலகைகளின் இடுக்கில் வைத்து, உளியும் மரச்சுத்தியும் கொண்டு விரல் விரலாக நகர்ந்து இறுக்கிக்கொண்டே போனார். இருபுறமும் மிதவைக் கட்டை கொண்ட ங்கலாவா என்ற தோணியும் அங்கே உண்டு. விசைப்படகில் ஒரு நாள் போனாலும், மற்ற நாட்களில் அந்தத் தோணியில் உள்ளூர் மீனவரோடு கைத்தூண்டில் போடுவதையே நான் வலியுறுத்தியிருக்கிறேன். மயில் மீனோ கொப்பரனோ மாட்டினால் உயிரோடு கடலில் விட்டுவிடுவது என்று மைத்துனரிடம் வாக்கும் வாங்கிவிட்டேன்.

கல்நகரம் என்ற பழைய தலைநகருக்குப் பயணத்தின் முதல் நாட்களை ஒதுக்கியிருக்கிறோம். 1873இல் மூடப்பட்ட அடிமைச் சந்தை இருந்த இடத்தில் எழுந்த ஆங்கிலிக்கன் பேராலயத்தை முதலில் பார்க்க வேண்டும். கிராம்பு வாசனையையும் செதுக்கிய கதவுகளையும் ரசிப்பதற்கு முன்னால், அந்தச் செல்வத்துக்குப் பின்னால் இருந்த மனிதர்களை நினைக்காமல் இருப்பது சரியில்லை. 1883இல் கட்டப்பட்ட அதிசய மாளிகையின் ஒரு பகுதி 2020 டிசம்பரில் இடிந்து விழுந்ததால் அதை நம்பி நேரம் ஒதுக்கவில்லை. டராஜானி சந்தையின் மீன் ஏலமும், மாலையில் போரோதானி பூங்காவின் உணவுக் கடைகளும் எங்கள் பட்டியலில் இருக்கின்றன. உருளைக்கிழங்கும் பஜ்ஜியும் மிதக்கும் புளிப்பான உரோஜோ சூப்பை உண்பவர், அதில் இந்தியக் கைப்பக்குவத்தை உடனே உணர்வார்.

விசாவை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடலாம். 2024 அக்டோபர் முதல் சான்சிபாருக்கென்று தனிப் பயணக் காப்பீடும் கட்டாயமாகியிருக்கிறது. தான்சானியாவில் நெகிழிப் பைகளுக்குத் தடை என்பதால் துணிப்பைகள் எடுத்துச் செல்ல வேண்டும். ஊருக்குள் நடக்கும்போது தோளும் முழங்காலும் மறையும் உடையே மரியாதை. மலேரியாத் தடுப்பு பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி நாட்களில் பெம்பாவுக்கும் போவதாக இருக்கிறோம். கிராம்பு மரங்கள் நிறைந்த அந்தத் தீவுக்குப் பயணிகள் குறைவாகவே போகிறார்கள். அங்கே செல்லும் சிறு விமானங்களில் சுமைக்குக் கட்டுப்பாடு அதிகம் என்பதால், மைத்துனர் தன் நீண்ட தூண்டில் கோல்களை நுங்வி விடுதியிலேயே வைத்துவிட்டு, நரம்பும் முள்ளும் ஈயக்குண்டும் மட்டும் கொண்டுவர ஒப்புக்கொண்டிருக்கிறார்.