படிவம் 700-ஐத் திறக்கும் முன் மசோதாவைப் படியுங்கள்

கலிபோர்னியா சட்டமன்ற உறுப்பினர்கள் ஆண்டுதோறும் மார்ச் 1-க்குள் படிவம் 700 தாக்கல் செய்ய வேண்டும். பங்கு, சொத்து, வருமானம், பரிசு எல்லாம் அதில் வரும். உறுப்பினரின் சொந்தச் சொத்துக்கும் அவர் ஓட்டுப் போடும் மசோதாவுக்கும் முரண் உண்டா என்று தேடி எழுதும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிவத்திலிருந்துதான் தொடங்குவார்கள். அது வீண் அலைச்சல். மசோதா யாருக்குச் செலவு வைக்கிறது, யாருக்கு விலக்குத் தருகிறது என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

2019-இன் ஏபி 1482-ஐ (ஏபி என்றால் கீழவை மசோதா) எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வாடகை உயர்வுக்கு 5 சதவீதத்தோடு விலைவாசி உயர்வு, எப்படிப் போனாலும் 10 சதவீதம் என்று வரம்பு கட்டிய சட்டம். படிவத்தில் நிலம், வீடு வரும் ஷெட்யூல் பி-யில் வாடகை வீட்டைப் பார்த்ததும் 'முரண்' என்று குறித்துவிடக் கூடாது. 15 ஆண்டுக்கு உட்பட்ட கட்டடத்துக்கு விலக்கு உண்டு. அதுவும் கட்டிய நாளிலிருந்து அல்ல, குடியேறலாம் என்று சான்று கொடுத்த நாளிலிருந்து கணக்கு. குடியிருப்பவருக்கு நோட்டீஸ் கொடுத்திருந்தால் தனி வீட்டுக்கும் விலக்கு. ஆனால் உரிமை ஒரு கார்ப்பரேஷனிடமோ, கார்ப்பரேஷனை உறுப்பினராகக் கொண்ட எல்எல்சி என்னும் வரையறுத்த பொறுப்பு நிறுவனத்திடமோ இருந்தால் அது கிடையாது. வீடு ஒன்றுதான்; பத்திரத்தில் உள்ள பெயர் மாறினால் விடையும் மாறும். அதனால் பத்திரத்தை அது பதிவாகும் கவுன்டி ரெக்கார்டர் அலுவலகத்திலும், எல்எல்சிக்குப் பின்னால் இருக்கும் ஆட்களை நிறுவனங்கள் பதிவாகும் மாநிலச் செயலரின் தளத்திலும் பார்க்காமல் எதையும் எழுதக் கூடாது.

படிவத்துக்கும் ஓட்டைகள் உண்டு. சரியான மதிப்பு இருக்காது, இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று பெட்டிக் கணக்கில்தான் இருக்கும்: 1,00,001 டாலரும் 10 லட்சம் டாலரும் ஒரே பெட்டி. தான் மட்டும் குடியிருக்கும் வீடு, மியூச்சுவல் ஃபண்ட், அரசுச் சம்பளம் இவை வராது. கணவன் அல்லது மனைவியின் சம்பளத்தில் பாதிதான் வருமானத்துக்கான ஷெட்யூல் சி-யில் ஏறும். அதை முழுச் சம்பளம் என்று எழுதி மாட்டிக்கொள்வது வழக்கமான தவறு.

ஆகஸ்ட் மாதம்தான் கழுத்தறுப்பு. மசோதாவின் எண் அதேதான், உள்ளே இருப்பதை உருவிவிட்டு வேறு விஷயத்தைத் திணித்திருப்பார்கள். மேயில் பார்த்த குறிப்பு குப்பைக்குத்தான். 2016-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 54-ஆம் முன்மொழிவின்படி இறுதி வாசகம் ஓட்டெடுப்புக்கு 72 மணி நேரம் முன்பே இணையத்தில் இருக்க வேண்டும். மறுபடி உட்காரக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான்.

எழுதும் முன் உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஒரு போன் போட வேண்டும். படிவம் சொல்வது போன வருடக் கதை; அந்தப் பங்கை அவர் ஜனவரியிலேயே விற்றிருக்கலாம்.