18 பேர் கையெழுத்து

பி.ஏ. ஆங்கிலம் வகுப்புக்கு அமெரிக்க இலக்கியப் பேப்பரை என் தலையில் கட்டிய வருடம், முதல் யூனிட்டை இரண்டே வகுப்பில் முடித்தேன். 'விடுதலைப் போர்க் காலத்தில் பெரிய இலக்கியம் எதுவும் இல்லை, அரசியல் பிரசுரங்கள்தான்' என்று நோட்ஸ் கொடுத்துவிட்டு நேராக அடுத்த நூற்றாண்டுக் கட்டுரையாளர் எமர்சனுக்குத் தாவியாயிற்று. எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அடுத்த வருடம் ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ அந்த ஊர்ல யாரும் எதுவுமே படிக்கலையா மேடம்?"

படித்தார்கள். விழுந்து விழுந்து படித்தார்கள். எதைப் படித்தார்கள் என்று சொல்ல அன்று என்னிடம் சரக்கு இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று நழுவினேன்.

அந்த 'நாளைக்கு'தான் என்னைத் தாமஸ் பெயினிடம் கொண்டுபோய் விட்டது. இங்கிலாந்தில் பெண்களுக்கான கச்சை தைத்தவர், அப்புறம் கலால் துறையில் வேலை பார்த்து அதையும் இழந்தவர். 1774 கடைசியில், பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தோடு பிலடெல்பியாவில் வந்து இறங்கினார். ஒரு வருடம் சொச்சத்தில், 1776 ஜனவரியில், 'காமன் சென்ஸ்' என்ற அவருடைய அரசியல் பிரசுரம் வெளிவந்தது. விலை 2 ஷில்லிங். எழுதியவர் பெயர் இல்லை. ராஜத்துரோகம் என்று பிடித்தால் தூக்குதானே. லத்தீன் மேற்கோள் காட்டிப் பயமுறுத்தாமல், பைபிள் கேட்டு வளர்ந்த எவருக்கும் புரிகிற மொழியில், மன்னர் என்று ஒருவர் எதற்கு என்று கேட்டார். ஒருவர் உரக்க வாசிக்க, படிக்கத் தெரியாதவரும் பக்கத்தில் நின்று கேட்கலாம். அந்த உரைநடையின் ஓட்டமே அதற்காக அமைந்தது. இதை 'வெறும் பிரசுரம்' என்று ஒதுக்கிய என்னை என்ன சொல்ல.

ஆனால் யூனிட்டையே புரட்டிப் போட்டவர் கவிஞர் பிலிஸ் வீட்லி. 1761இல், ஏழெட்டு வயதில், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பாஸ்டனுக்கு அடிமைக் கப்பலில் வந்தவர். பிலிஸ் என்பது அந்தக் கப்பலின் பெயர். வீட்லி என்பது விலைக்கு வாங்கிய குடும்பத்தின் பெயர். சொந்தப் பெயர் எங்கும் பதிவாகவில்லை. பாஸ்டனில் போதுமான சந்தாதாரர்கள் சேராததால், அவருடைய கவிதை நூல் 1773இல் லண்டனில் அச்சானது. அதன் முன்பக்கங்களில் ஒரு சான்று இருக்கிறது. இந்தக் கவிதைகளை எழுதியது இந்தப் பெண்தான் என்று பாஸ்டனின் பெரிய மனிதர்கள் 18 பேர் பெயர் போட்டிருக்கிறார்கள்.

இதைச் சொன்னதும் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அட்டெஸ்டேஷன்!"

வகுப்பே சிரித்தது. மார்க் ஷீட் ஜெராக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, பச்சை இங்க் கையெழுத்துக்காக கெஜட்டட் ஆபீசர் வீட்டு வாசலில் காத்து நின்றவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. நானும் நின்றிருக்கிறேன்.

அந்த 18 பேரில் பிரிட்டிஷ் கவர்னர் தாமஸ் ஹட்சின்சனும் உண்டு, அவருக்கு நேர் எதிரணியில், விடுதலை கேட்டவர்கள் பக்கம் இருந்த ஜான் ஹான்காக்கும் உண்டு. எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இந்த ஒரு தாளில் ஒன்றாக நிற்கிறார்கள். பிரிட்டன் வரி போட்டதையே அடிமைத்தனம் என்று அமெரிக்கக் குடியேற்றக்காரர்கள் எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. வீட்லியோ அதே நூலில் குடியேற்றங்களுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் டார்ட்மத் பிரபுவுக்கு எழுதிய கவிதையில், தன் விடுதலை வேட்கை எங்கிருந்து வந்தது என்று சொல்கிறார்: பெற்றோரிடமிருந்து பறித்துக்கொண்டு வரப்பட்ட குழந்தை நான். அவர்களுக்கு உவமையாக இருந்த சொல், இவருக்கு வாழ்க்கை. 1776இல் ஜெஃபர்சன் எழுதிய சுதந்திரப் பிரகடன வரைவில் அடிமை வணிகத்துக்காக மன்னரைச் சாடிய பத்தி ஒன்று இருந்தது. குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் அதை அப்படியே நீக்கிவிட்டது. இப்போதெல்லாம் வீட்லியின் கவிதையையும் நீக்கப்பட்ட அந்தப் பத்தியையும் ஒரே வகுப்பில் வைத்து நடத்துகிறேன். யூனிட் மூன்று வாரம் இழுக்கிறது, துறைத்தலைவர் முறைக்கிறார்.

வீட்லி, விடுதலைப் படைத் தளபதி வாஷிங்டனைப் புகழ்ந்தும் கவிதை எழுதினார். 1776 பிப்ரவரியில் நன்றி சொல்லி அவர் பதிலும் போட்டார். 1779இல், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பிறகு, இரண்டாவது நூலுக்குச் சந்தா கேட்டு பாஸ்டன் பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்தார். போர் நடக்கிறது, பணத்துக்கு மதிப்பில்லை, சந்தா சேரவில்லை. 1784இல் வறுமையில் இறந்தார். அந்த இரண்டாவது நூலின் கையெழுத்துப் பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை.

முதல் கேள்வி கேட்ட அதே மாணவி இதற்கும் கை தூக்கினாள்: "அந்த 18 பேரும் ஆளுக்கு ரெண்டு காப்பி வாங்கியிருக்கலாமே மேடம்?"

ஹட்சின்சன் அப்போது ஊரைவிட்டு இங்கிலாந்தில் இருந்தார் என்றேன்.

"ஹான்காக்?"

அடுத்த வருடம் மாசசூசெட்ஸ் கவர்னர் ஆனார்.