படைவீரர் இல்லங்களும் இரவு முறைத் தாதியும்

பிரித்தானியர் காலத்தில் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் பட்டறையில் வேலை செய்த எங்கள் பெரியப்பா, உப்புவெளி வீட்டின் முன்னறையில் பதினான்கு மாதங்கள் படுக்கையாகக் கிடந்தார். ஓய்வூதியம் மாதந்தோறும் தவறாமல் வந்தது. ஆனால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டியிருந்தது. பகலில் பெரியம்மாவும் இரவில், தாதி என்பதால், நானும் அதைச் செய்தோம்.

அமெரிக்காவில் மாநில அரசுகள் நடத்தும் முன்னாள் படைவீரர் இல்லங்களின் வரலாற்றை அந்த நினைவோடுதான் படித்தேன். உள்நாட்டுப் போர் முடியுமுன்பே, 1864இல், கனெக்டிகட் மாநிலத்தில் பெஞ்சமின் ஃபிட்ச் என்ற செல்வந்தர் தம் பணத்தில் முதல் இல்லத்தைத் தொடங்கினார். மாநிலங்கள் ஒவ்வொன்றாக இப்பணியை ஏற்றபின், 1888இல் மத்திய அரசு ஒரு வீரருக்கு ஆண்டுக்கு 100 டொலர் கொடுக்க இணங்கியது. அக்காலத்து இல்லங்கள் பெரும்பாலும் கூரையும் சோறும் தந்த இடங்களே.

எழுந்து நடக்க இயலாதவருக்கு அவை போதா. தாதியர் பராமரிப்புக்கென நாட்கணக்கில் பணம் கொடுக்கவும், கட்டடச் செலவில் பங்கேற்கவும் மத்திய அரசு முன்வந்தது 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே. இன்று கட்டடச் செலவில் 65 சதவீதம் வரை அது தருகிறது. அவ்வாறு கட்டிய இல்லத்தில் குறைந்தது முக்கால் பங்கினர் முன்னாள் வீரர்களாக இருக்கவேண்டும். எஞ்சிய இடங்களில் அவர்களின் வாழ்க்கைத் துணைக்கும், படைச் சேவையில் பிள்ளையை இழந்த பெற்றோருக்கும் இடமுண்டு. பெரியம்மாவை நினைத்து, அந்த விதியை இரண்டு முறை வாசித்தேன்.

ஆயினும் பணமும் சட்டமும் இரவு முறைக்கு ஆளை உறுதிப்படுத்துவதில்லை. மாசச்சுசெட்ஸ் மாநிலத்தின் ஹோலியோக் இல்லத்தில், 2020 மார்ச் இறுதியில், ஆள் பற்றாக்குறையால் மறதிநோயாளர் பிரிவுகள் இரண்டை ஒன்றாக்கினார்கள். நோய்த் தொற்றியவரும் தொற்றாதவரும் நெருக்கமாகக் கிடத்தப்பட்ட அந்த இல்லத்தில், கொரோனாவால் 70க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் இறந்தார்கள். வைத்தியசாலை விடுதியில் வேலை செய்த எவருக்கும் அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டிருக்கும் என்பது விளங்கும். விளங்குவதால் அது மன்னிக்கத்தக்கதாகிவிடாது. இத்தனை கட்டில்களுக்கு இரவில் இத்தனை தாதியர் என்ற எண்ணிக்கையை, கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கும் அதே கடிதத்தில் எழுதவேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

பெரியப்பாவின் முதுகில் படுக்கைப் புண் வந்தது ஒரேயொரு முறைதான். நான் மூன்று இரவுகள் தொடர்ச்சியாக வைத்தியசாலையில் முறை வேலை பார்த்த வாரம் அது.