டயர் பிரஷர் லைட் அடிக்கடி எரிஞ்சா சும்மா ரீசெட் பண்ணி விட்றாதீங்க – என் அனுபவம்

பெங்களூர்ல இருந்து சேலம் வந்துட்டிருந்தோம், பின்னாடி சீட்ல அம்மாவும் பையனும், கிருஷ்ணகிரி டோல் தாண்டி கொஞ்ச நேரத்துல மீட்டர்ல அந்த மஞ்சள் லைட் வந்துச்சு. குதிரை லாடம் மாதிரி வளைவு, நடுவுல ஒரு ஆச்சரியக்குறி. தர்மபுரி தாண்டினா தொப்பூர் கணவாய் இறக்கம், அந்த ரோட்டுல போறவங்களுக்குத் தெரியும் அங்க எத்தனை ஆக்ஸிடெண்ட் நடந்திருக்குன்னு. அந்த லைட்டோட இறங்க மனசு வரல. அடுத்த பங்க்ல ஒதுக்கி நிறுத்தி நாலு டயரையும் சுத்திப் பாத்தேன், கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. ரேடியல் டயர் அப்படித்தான், ஏழெட்டு பிஎஸ்ஐ (காத்தழுத்தத்தை அளக்குற அலகு) குறைஞ்சா கூட பாக்க நல்லாத்தான் இருக்கும், காலால உதைச்சுப் பாக்குறதெல்லாம் பிரயோஜனமே இல்ல.

பங்க்ல இருந்த தம்பி மெஷின்ல வெச்சுப் பாத்தப்போ பின்னாடி இடது டயர் மட்டும் மத்ததை விட நல்லா கம்மி. காத்து புடிச்சோம், ரீசெட் பட்டனை அழுத்தினேன், லைட் போச்சு, மெதுவா வீடு வந்து சேந்தோம். சில நாள்ல மறுபடி அதே லைட். இங்க இருந்துதான் கதையே.

முதல்ல போன டயர் கடையில வண்டியைப் பாத்த உடனே "சென்சார் போயிருக்கும் சார், நாலையும் மாத்திட்டா நல்லது"ன்னு சொன்னாங்க. பணம் கொஞ்சம் நஞ்சம் இல்ல, அதனால வீட்டுக்கு வந்து வண்டியோட மேனுவலை எடுத்து பொறுமையா படிச்சேன். பாத்தா என் வண்டி வீலுக்குள்ள சென்சாரே கிடையாது! டயர் பிரஷரைக் கவனிச்சு லைட் போடுற சிஸ்டத்துல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, ஒவ்வொரு வீலுக்குள்ளயும் வால்வோட சேந்து பேட்டரி வெச்ச குட்டி சென்சார் இருக்கும், அது நேரா பிரஷரை அளந்து ரேடியோ சிக்னல்ல அனுப்பும், அந்த மாதிரி வண்டியில பெரும்பாலும் டிஸ்ப்ளேல ஒவ்வொரு டயருக்கும் நம்பரே காட்டும். இன்னொண்ணு என்னோட மாதிரி, ஏபிஎஸ் பிரேக்குக்காக (சடன் பிரேக்ல வீல் லாக் ஆகாம பாத்துக்குறது) ஏற்கனவே இருக்குற வீல் ஸ்பீட் சென்சாரை வெச்சே கண்டுபிடிக்கிறது. காத்து குறைஞ்ச டயர் உருளும்போது கொஞ்சம் சின்னதாகுது, அதனால மத்த வீலை விட ஒரு துளி வேகமா சுத்தும், அந்த வித்தியாசத்தைப் பாத்துத்தான் லைட் போடுது. இந்த வகையில பல வண்டி எந்த டயர் குறைஞ்சிருக்குன்னு சொல்லாது, என் வண்டியும் அப்படித்தான்.

மேனுவல்ல இன்னொரு விஷயமும் இருந்துச்சு, இது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்னு நெனைக்கிறேன். லைட் நிலையா எரிஞ்சா காத்து கம்மின்னு அர்த்தம். வண்டி ஸ்டார்ட் பண்ணதும் ஒரு நிமிஷத்துக்கு மேல மினுக்கி மினுக்கி அப்புறம் நிலையா நின்னா சிஸ்டத்துலயே கோளாறுன்னு அர்த்தம். எனக்கு ஒரு தடவை கூட மினுக்கல. அப்போ லைட் சரியாத்தான் வேலை செய்யுது, டயர்லதான் ஏதோ இருக்கு.

அதுக்கப்புறம் ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்கினேன். பங்க்ல இருக்குற மெஷின் ஒண்ணொண்ணும் ஒரு கணக்கு சொல்லுது, ஒரே டயருக்கு ரெண்டு பங்க்ல ரெண்டு நம்பர், அதை நம்பி எந்த டயர் இறங்குதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. காலையில வண்டியை எடுக்குறதுக்கு முன்னாடி அளக்கணும், அதாவது குறைஞ்சது மூணு மணி நேரம் நின்ன வண்டியா இருக்கணும். ஓடின டயர்ல காத்து சூடாகி மூணு நாலு பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும். வெயில்ல ஹைவேல ஓட்டிட்டு வந்து மத்தியானம் பங்க்ல 33 வெச்சோம்னா அது உண்மையில 33 இல்ல, மறுநாள் காலையில குளிர்ல பாத்தா 29, 30 தான் இருக்கும். அஞ்சாறு டிகிரி செல்சியஸ் குறைஞ்சா சுமாரா ஒரு பிஎஸ்ஐ இறங்கும்னு கணக்கு. அதே மாதிரி ஓடி வந்த டயர்ல கூட காட்டுதுன்னு காத்தை இறக்கவும் கூடாது.

எவ்வளவு வைக்கணும்ங்கறதுக்கு டிரைவர் கதவைத் திறந்தா தூண் பக்கத்துல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதான் வேதம். என் வண்டிக்கு 33, ஆளும் லக்கேஜும் ஃபுல்லா இருந்தா பின்னாடி 36. டயர் சைடுல மேக்ஸ்னு போட்டு 44, 51னு இருக்கே அது டயர் தாங்குற உச்ச அளவு, அதைப் பாத்து காத்து புடிக்கிறவங்க இன்னும் இருக்காங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க. பங்க்ல நாம வாயைத் திறக்கலைன்னா எல்லா வண்டிக்கும் ஒரே நம்பர்தான் போட்டு விடுவாங்க, நம்மதான் சொல்லணும்.

இப்படி தினமும் காலையில அளந்து போன்ல குறிச்சு வெச்சதுல ஒரு வாரத்துக்குள்ளயே தெளிவா தெரிஞ்சுது. மூணு டயரும் அசையல, பின்னாடி இடது மட்டும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டே இருக்கு. ஸ்லோ லீக். இந்த குறிப்போட எங்க ஏரியா பஞ்சர் கடை அண்ணன்கிட்ட போனேன். அவரு போனை வாங்கிப் பாத்துட்டு "இப்படி எழுதிட்டு வந்தா எங்களுக்கும் வேலை சுலபம் தம்பி"ன்னாரு. சோப்புத் தண்ணி அடிச்சு டயர் மேல முழுக்க பாத்தாரு, ஆணி எதுவும் இல்ல. வால்வு வாயில பாத்தாரு, காத்து முட்டை எதுவும் வரல. அதோட விட்டிருந்தா "ஒண்ணும் இல்ல"ன்னு திருப்பி அனுப்பிருக்கலாம், ஆனா அவரு வீலைக் கழட்டி தண்ணித் தொட்டியில போட்டு மெதுவா உருட்டி உருட்டிப் பாத்தாரு. ஒரு இடத்துல, டயர் போய் அலாய் ரிம்மோட ஒட்டுற ஓரத்துல, கடுகு மாதிரி முட்டை ஒண்ணொண்ணா வந்துச்சு. ரிம் லீக்.

டயரை ரிம்ல இருந்து இறக்கினதும் காட்டினாரு, அந்த ஓரத்துல அலாய் அரிச்சு வெள்ளையா பூத்துப் போய் மண்ணும் சேந்திருந்துச்சு. கம்பி பிரஷ் போட்டு சுத்தமா தேச்சு, சீலர் தடவி, டயரை மறுபடி ஏத்தி தொட்டியில போட்டுப் பாத்தாரு, முட்டை நின்னுடுச்சு. அப்புறம் பேலன்சிங் பண்ணிட்டேன். சென்சார் மாத்தச் சொன்ன கடையில கேட்ட காசுக்கும் இதுக்கு ஆன காசுக்கும் சம்பந்தமே இல்ல. நடுவுல இன்னொருத்தர் நைட்ரஜன் போட்டா சரியாயிடும்னாரு, சாதாரண காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், ரிம்ல வழி இருந்தா அதுவும் அதே வழியாதான் வெளிய போகும். உங்க வண்டி வீலுக்குள்ள சென்சார் இருக்குற வகையா இருந்தா டயரைக் கழட்டுறதுக்கு முன்னாடியே கடையில சொல்லிடுங்க, வால்வு பக்கம் லீவர் போட்டா சென்சார் உடைஞ்சுடும்.

ரீசெட் பத்தி அழுத்திச் சொல்லணும். என் மாதிரி வண்டியில ரீசெட்னா லைட்டை அணைக்குற பட்டன் இல்ல, "இப்போ இருக்குற நிலைதான் சரி, இதையே மனசுல வெச்சுக்கோ"ன்னு வண்டிக்கு சொல்லிக் கொடுக்குறது. காத்து கம்மியா இருக்கும்போது ரீசெட் பண்ணா அந்தக் கம்மியையே சரின்னு எடுத்துக்கும், அப்புறம் அதைவிட நல்லா இறங்கினாத்தான் சொல்லும். காலையில நாலு டயருக்கும் ஸ்டிக்கர்ல இருக்குற அளவு வெச்சுட்டு அப்புறம்தான் ரீசெட்.

லைட் எரியல அப்படிங்கறதுக்காக எல்லாம் நல்லா இருக்குன்னும் அர்த்தம் இல்ல. அமெரிக்காவுல ஃபயர்ஸ்டோன் டயர் வெடிச்சு நிறைய பேர் செத்து 2000ல லட்சக்கணக்கான டயரைத் திருப்பி வாங்கினப்புறம்தான் இந்த டயர் பிரஷர் லைட்டுக்கு சட்டமே வந்துச்சு. 2007 செப்டம்பர்ல இருந்து அங்க எல்லா புது கார்லயும் கட்டாயம். அந்த சட்டத்துலயே 25 சதவீதம் குறைஞ்சா எச்சரிக்கணும்னுதான் இருக்கு. அதாவது 33 வைக்க வேண்டிய டயர் 25க்கு வந்த பிறகு. அதுக்குள்ள டயர் சைடு மடங்கி மடங்கி சூடாகி ஓடிட்டிருக்கும், நம்ம ஊர் மே மாச வெயில்ல ஹைவே தார் ரோட்டுல அது எவ்வளவு ஆபத்துன்னு சொல்ல வேண்டியதில்ல. என் வகை சிஸ்டம்னா நாலு டயரும் ஒரே மாதிரி மெல்ல இறங்கினா கண்டுபிடிக்கவே திணறும். அதனால மாசம் ஒரு தடவையாவது கேஜ் வெச்சுப் பாருங்க, ஊருக்குப் போறதுக்கு முதல் நாளும் பாருங்க.

புது வண்டி எடுக்குறவங்க ஸ்டெப்னி இருக்கான்னு கேட்டுக்கோங்க. இந்தியாவுல 2020ல வந்த விதிப்படி டியூப்லெஸ் டயரும் டயர் பிரஷர் மானிட்டரும் பஞ்சர் கிட்டும் இருந்தா ஸ்டெப்னி இல்லாமலே கார் விக்கலாம். என் வண்டியில ஸ்டெப்னி இருக்கு, ஆனா அது சுத்தாததால லைட் அதைக் கணக்குலயே எடுக்காது. அன்னிக்கு அண்ணன் கடையிலயே அதையும் இறக்கிப் பாத்தோம், 18தான் இருந்துச்சு, அதுக்கும் காத்து புடிச்சுட்டுத்தான் கிளம்பினேன்.