சிவப்பு நூல் அப்படியே இருக்கட்டும்

பிப்ரவரி 3

அக்காவும் நானும் கையால் தைத்து நோட்டுப் புத்தகம் செய்ய ஆரம்பித்து இது நான்காவது வருடம். இன்று முதல்முறையாக மொத்த ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது. பெட்டியின் மேல் எங்கள் லோகோ பெரிதாக வர வேண்டும் என்று கேட்கிறார்கள். கையில் இருப்பதோ 400 பிக்சல் அகலத்தில் ஒரே ஒரு ஜேபெக் படம். ஆரம்பத்தில் தெரிந்தவர் ஒருவர் செய்து கொடுத்தது. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்கிறார் அச்சகக்காரர். அந்தக் கணக்கில் எங்கள் லோகோ மூன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது. அதற்கு மேல் இழுத்தால் வளைவெல்லாம் படிக்கட்டாகிவிடுகிறது.

மூலக் கோப்பு கேட்டுப் போன் செய்தேன். பழைய கணினியோடு போய்விட்டதாம். எந்த எழுத்துருவில் செய்தார் என்பதும் நினைவில்லை. அவர் மேல் வருத்தமில்லை; அன்றைக்கு என்ன கேட்டு வாங்க வேண்டும் என்று எனக்கே தெரியாது. இந்த முறை முறையாக ஒரு பிராண்டிங் வடிவமைப்பாளரிடம் போகிறோம் என்று இரவு முடிவு செய்தோம்.

பிப்ரவரி 6

வடிவமைப்பாளரிடம் கொடுக்க ஒரு பக்கம் எழுதினேன். எளிமையாக, நவீனமாக, தரமாகத் தெரிய வேண்டும். அக்கா படித்துவிட்டு, "இதுல நம்ம பேரை எடுத்துட்டு யார் பேரை வேணாலும் போடலாமேடி" என்றாள். உண்மைதான். கிழித்துப் போட்டேன்.

பிப்ரவரி 10

இரண்டாவது முறையும் வாங்கியவர்கள் பதினோரு பேருக்கு ஒரே கேள்வியை அனுப்பியிருந்தேன்: எங்கள் நோட்டைப் பற்றி நண்பரிடம் சொல்வதானால் என்ன சொல்வீர்கள்? எட்டு பேர் பதில் போட்டிருக்கிறார்கள். 'தரம்' என்ற சொல் ஒன்றில்கூட இல்லை.

ஐந்து பேர் எழுதியது ஒரே விஷயம்: எந்தப் பக்கத்தில் பிரித்தாலும் மேசையில் தட்டையாக விரிந்து கிடக்கிறது, இடது பக்கத்திலும் சிரமமில்லாமல் எழுத முடிகிறது. அது எங்கள் தையலால் வருவது. தாளை 16 பக்க ஃபாரமாக, அதாவது சின்னக் கட்டாக, மடித்து, மடிப்பின் வழியாகவே ஊசி விட்டு ஒன்றோடொன்று கோர்க்கிறோம். முதுகில் பசை மட்டும் போட்டு ஒட்டிய நோட்டை அழுத்தினால்தான் விரியும், அழுத்த அழுத்த ஒரு நாள் தாள் கழன்று வரும்.

இன்னும் மூன்று பேர் நூலைப் பற்றி எழுதியிருந்தார்கள். 'எங்க வீட்ல இதுக்குப் பேரே சிவப்பு நூல் நோட்டுதான்' என்று ஒருவர். அதைப் படித்துக் காட்டியதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. முதல் நோட்டைத் தைத்த அன்று வீட்டில் இருந்தது அந்தச் சிவப்பு நூல்கண்டு மட்டும். முதுகை மூடாமல் தையல் வெளியே தெரியும்படி விட்டதும் அவள் யோசனைதான். நான் நான்கு வருடமாக லோகோவைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். பார்க்கிறவர்கள் அடையாளம் கண்டது அவள் தையலை.

பிப்ரவரி 12

டிராபிகானா என்ற அமெரிக்கப் பழச்சாறு பிராண்டின் கதையைத் தேடிப் படித்தேன். 2009 ஜனவரியில் ஆரஞ்சுச் சாறு அட்டைப்பெட்டியின் தோற்றத்தை மாற்றினார்கள். ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சுப் பழம் போய், கண்ணாடித் தம்ளர் நிறையச் சாறு வந்தது. இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் விழுந்தது. பழைய பெட்டியையே திரும்பக் கொண்டுவந்தார்கள். புதிய வடிவமைப்பை அசிங்கம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அலமாரியில் கண் தேடிய பழம் அங்கே இல்லை. என்ன மாற்ற வேண்டும் என்று பட்டியல் போடுவதற்கு முன்னால் எதைத் தொடக்கூடாது என்று எழுதிவிட வேண்டும்.

எழுதிவிட்டேன், ஒரே வரி: சிவப்பு நூலும் திறந்த முதுகும் அப்படியே இருக்கும்.

பிப்ரவரி 15

லோகோ எங்கெங்கே வாழப்போகிறது என்று அளவுகோலோடு உட்கார்ந்து குறித்தோம். பெட்டி மேல் 20 சென்டிமீட்டர். பின்னட்டையில் ரப்பர் முத்திரை, 2 சென்டிமீட்டர். போன் திரையில் விரல்நகம் அளவு வட்டம். முன்னட்டையில் மையில்லாமல் அழுத்தி எடுக்கும் புடைப்பு. பில் புத்தகம், அதுவும் கறுப்பு மட்டும்.

முதலில் பெட்டியைத்தான் பெரிய விஷயமாக நினைத்தேன். சோதித்துப் பார்த்தால் முத்திரைதான் கடினமான இடம். எங்கள் பெயரில் ஒரு ணகரம் இருக்கிறது. சின்ன முத்திரையில் மை ஊறியதும் அதன் சுழிகள் அடைத்து ஒரு கறுப்புப் பொட்டாகிவிடுகின்றன. மெய்யெழுத்தின் புள்ளியோ சில தாளில் விழவே இல்லை. புள்ளி விழாவிட்டால் பெயரே வேறாக வாசிக்கப்படும். ஆங்கில எழுத்தில் மட்டும் வேலை செய்து பழகியவர் இதைக் கவனிக்காமல் போகலாம். அதனால் எழுதினேன்: தமிழ்ப் பெயர்தான் முதன்மை, 2 சென்டிமீட்டர் முத்திரையில் தெளிவாக வாசிக்க வர வேண்டும், ஒரே நிறத்திலும் நிற்க வேண்டும்.

மை சரியாக விழாத முத்திரைப் பதிவுகளைக் காகிதத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

பிப்ரவரி 17

வர்த்தக முத்திரைப் பதிவேட்டில் எங்கள் பெயரைத் தேடினேன். பன்னாட்டு வகைப்பாட்டில் 45 வகுப்புகள். காகிதமும் எழுதுபொருளும் 16இல் வருகின்றன. அதே பெயரிலோ காதுக்கு அதே மாதிரி ஒலிக்கும் பெயரிலோ யாரும் இல்லை. நிம்மதி.

பிப்ரவரி 21

மூன்று வடிவமைப்பாளர்களோடு பேசினோம்.

முதலாமவர் பேச்சு முடிவதற்குள், இரண்டு நாளில் ஐந்து மாதிரி இலவசமாக அனுப்புகிறேன் என்றார். எங்களைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. எதை வைத்து ஐந்து வரைவார்? கூலியில்லாமல் அவரை வரையவைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டாமவரின் பழைய வேலைகள் ஒவ்வொன்றும் கண்ணைப் பறித்தன. ஆனால் எல்லாமே ஒரே கடையில் தைத்த சட்டை மாதிரி இருந்தன.

மூன்றாமவர் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். "யாருக்காக நீங்க நோட்டு செய்யறதில்ல?" என்று கேட்டபோது இருவரும் விழித்தோம். பிறகு அக்கா சொன்னாள்: "பீரோவுல அழகுக்கு வைக்கிறவங்களுக்கு இல்லீங்க. எழுதித் தீர்க்கிறவங்களுக்கு." அந்த வாக்கியம் இப்போது எங்கள் குறிப்பின் முதல் வரி.

பிப்ரவரி 24

மூன்றாமவருடைய கட்டணம் எங்களுக்குச் சற்று அதிகம். "நைக்கி லோகோவுக்கே 35 டாலர்தான் கொடுத்தாங்களாமே" என்றாள் அக்கா. 1971இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி, மணிக்கு 2 டாலர் வீதம் பதினேழரை மணி நேரம் போட்ட கணக்கு அது. நிறுவனம் வளர்ந்த பிறகு, 1983இல், அவர்களே அழைத்துப் பங்கு கொடுத்தார்கள். அந்த 35ஐ யாரும் அளவுகோலாக எடுக்கக்கூடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பணத்தைக் குறைக்காமல் வேலையைக் குறைக்கச் சொன்னோம். சமூக ஊடக வார்ப்புருக்கள் இப்போது வேண்டாம். லோகோ, நிறம், எழுத்து, முத்திரை போதும். அவரும் ஒப்புக்கொண்டார்.

ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தேன். திருத்தம் இரண்டு சுற்று. பணம் மூன்று தவணை. பாதியில் நின்றால் அதுவரை செய்த வேலைக்குக் கூலி. இவை எல்லாம் இருந்தன. உரிமை பற்றி மட்டும் ஒன்றுமில்லை. பல நாடுகளில், எழுதி மாற்றித் தராதவரை பதிப்புரிமை வரைந்தவருடையதே. காசு கொடுத்ததால் மட்டும் நமக்கு வந்துவிடாது. கேட்டதும் முகம் சுளிக்காமல் சேர்த்தார்: கடைசித் தவணை செலுத்தியதும் தேர்ந்தெடுத்த லோகோவின் உரிமை எங்களுக்கு, கைவிட்ட வரைவுகள் அவருக்கு. எவ்வளவு பெரிதாக்கினாலும் வளைவு உடையாத வெக்டர் கோப்புகள், எஸ்விஜி, பிடிஎஃப் இரண்டிலும். நிறத்துக்கு அச்சு எண், திரை எண் தனித்தனியாக. எழுத்துருவின் உரிமம் எங்கள் பெயரில்.

பிப்ரவரி 27

இரண்டு பக்கக் குறிப்பை அனுப்பினேன். முன்பணமும் போய்விட்டது. அவரிடமிருந்து வந்த பதில் சின்னது: இரண்டு நோட்டு அனுப்புங்கள், ஒன்று புதியது, ஒன்று எழுதி முடித்தது.

புதியதை நான் எடுத்தேன். அக்கா உள்ளே போய் அவளுடைய முதல் வருடக் கணக்கு நோட்டைக் கொண்டுவந்தாள். அட்டை தேய்ந்து மூலை மழுங்கியிருக்கிறது, ஒரு பக்கம் முழுக்கத் தேநீர்க் கறை. நூல் வெளிறியிருந்தாலும் ஒரு தையல்கூட விடவில்லை. "பத்திரமா திருப்பி அனுப்பச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே பெட்டியில் வைத்தாள்.