மூன்று சிலிண்டரில் ஓடிய கார்

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில், ஈப்போவில். கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்ததிலிருந்து ஊரே என்னிடம் கேட்பது சாப்பாடு ஒத்துக்கொண்டதா, வெயில் தாங்குகிறதா என்றுதான். இரண்டும் பிரச்சினையே இல்லை. ஈப்போவிலும் வெயில்தான், சமையலில் என் அம்மாவைவிட அத்தை ஒரு படி மேலே (அம்மா இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியம்). எனக்குப் பிடிபடாமல் இருந்தது வேறு. ஒரு பொருள் கெட்டுப்போனால் இங்கே யாரிடம் போவது, யார் பேச்சை நம்புவது, எந்தச் சாமானை எந்த வீட்டில் இரவல் கேட்கலாம் என்பதெல்லாம். அது கொஞ்சமாவது தெரிந்தது மாமனார் விட்டுப்போன பழைய பெட்ரோல் கார் மிஸ்ஸிங் அடிக்க (ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுவிட்டு ஓட) ஆரம்பித்த பிறகுதான்.

ஓட்டுவதில் சிரமம் இருக்கவில்லை. மலேசியாவிலும் இடது பக்கம்தான் ஓட்டுகிறோம், ஸ்டீயரிங் வலது பக்கம். எல்எல்ஆர் போட்டு, டெஸ்ட் கொடுத்து லைசென்ஸ் வாங்கிவிட்டேன், ஹாரன் அடிக்கத்தான் தனியாகப் பழக வேண்டியிருந்தது. கார் போகிற தூரமும் அதிகமில்லை. கொப்புடையம்மன் கோயில், கல்லுக்கட்டி, செக்காலை ரோடு, திரும்ப வீடு. பிறகு நாள்கணக்கில் நிழலில் நிற்கும். இந்தச் சின்னச் சின்ன ஓட்டம்தான் வினையே என்று பிற்பாடு தெரிந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வண்டி நின்றபடி ஓடும்போது உடம்பே ஆட ஆரம்பித்தது, பிக்கப் போனது, மஞ்சள் இன்ஜின் விளக்கு கண் சிமிட்டியது. சிமிட்டினால் அவசரம் என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போனால் அங்கே புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடேறிக் கெட்டுப்போகும், அது பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டரைவிடப் பல மடங்கு விலை. அதனால் ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் காரை வாசலிலேயே போட்டேன். வாசலில் போட்டதும் அது தெருவின் விஷயமாகிவிட்டது. எதிர்வீட்டு மாமா, "இப்பத்தான் பெட்ரோல்ல எத்தனால் கலக்குறானே, அதுதாம்மா" என்றார். பால்காரர் பிளக் என்றார். ஒரு மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "நாலு இன்ஜெக்டரையும் மாத்திடுவோம், பம்பையும் சேர்த்துப் பாத்துடுவோம்" என்றார். எதையும் சோதிக்கவில்லை, பார்த்ததோடு சரி.

என் அப்பா ஈப்போவில் காடி (அங்கே காரை அப்படித்தான் சொல்வோம்) பட்டறை வைத்திருக்கிறார். பள்ளி லீவில் அங்கேயே கிடந்தவள் நான். சோதிக்காமல் ஒரு நட்டுகூட வாங்கக் கூடாது என்பது அவர் சட்டம். இங்கே காலை ஆறரை என்றால் அங்கே ஒன்பது, பட்டறை திறந்திருக்கும். கைபேசியைப் பானெட் கம்பியில் சாய்த்து வைத்து வீடியோ கால் போட்டால் அப்பாவும் தெருவில் நிற்பவர்களில் ஒருவராகிவிடுவார்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில், அதாவது வண்டியின் கோளாறைப் படிக்கிற இடத்தில், சின்ன புளூடூத் கருவியைச் செருகினேன், கைபேசியில் பி0302 என்ற கோளாறு எண் வந்தது. கடைசி எண் சிலிண்டரைச் சொல்லும். அதாவது இரண்டாவது சிலிண்டர் எரிய மறுக்கிறது. எந்தச் சிலிண்டர் என்று குறிக்காத பி0300 வந்திருந்தால் எதிர்வீட்டு மாமா சொன்னதை யோசித்திருப்பேன். பெட்ரோல் கெட்டது என்றால் நாலும் முரண்டு பிடிக்க வேண்டாமா? ஒன்று மட்டும் ஏன்? இதை மாமாவிடம் சொன்னபோது அவர் தலையாட்டினாரே தவிர ஏற்றுக்கொள்ளவில்லை.

அப்புறம் செய்தது இடம் மாற்றிப் பார்க்கிற வேலை, காசு செலவில்லாதது. இரண்டாவது சிலிண்டரின் காயிலை (பிளக்குக்குத் தீப்பொறிக்கான மின்சாரம் கொடுப்பது) மூன்றாவதற்கு மாற்றி, கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஓடவிட்டேன். காயில் கெட்டிருந்தால் எண்ணும் கூடவே நகர்ந்து பி0303 ஆகியிருக்கும். நகரவில்லை. பிளக்கையும் அப்படியே மாற்றினேன், அப்போதும் நகரவில்லை. ஆனால் பிளக்கைக் கழற்றியபோது ஒன்று தெரிந்தது: மற்ற மூன்றின் நுனியும் இளம்பழுப்பு, இரண்டாவது மட்டும் வெளுத்துக் காய்ந்திருந்தது. அந்தச் சிலிண்டருக்குப் போதிய பெட்ரோல் வரவில்லை என்று அதற்கு அர்த்தம். இன்ஜெக்டர் ஒழுகியிருந்தால் நேர்மாறாக ஈரமாக, கரி படிந்து இருந்திருக்கும்.

நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜெக்டர் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டி, ஓடுகிற பெல்ட் பக்கம் தலைமுடியோ துப்பட்டாவோ போகாமல் கேட்க வேண்டும், டாக்டர் நெஞ்சில் குழல் வைக்கிற மாதிரி. மூன்று இன்ஜெக்டர் டக் டக் என்று தெளிவாக அடித்தது. இரண்டாவதில் சத்தம் மங்கல். சரி, உள்ளே இருக்கும் மின்காந்தச் சுருள் போய்விட்டதா, இல்லை பெட்ரோலைத் திறந்து மூடுகிற ஊசி சிக்கிக்கொண்டிருக்கிறதா? அதற்கு மல்டிமீட்டர் வேண்டும். மூன்று வீடு தள்ளி, இந்த ஊர் மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார் என்று அத்தைதான் சொன்னார். 1953இலிருந்து அப்படியோர் ஆய்வகம் இருக்கிற ஊரில் மல்டிமீட்டருக்கு எங்கேயோ அலைய இருந்தேன். ஐயா மீட்டரைக் கொடுத்தனுப்பவில்லை, தானே கொண்டுவந்தார். நாலு இன்ஜெக்டரும் 12, 13 ஓம் காட்டியது. இந்த வகைக்கு அது சரியான அளவுதான். சுருள் நன்றாக இருக்கிறது, கோளாறு உள்ளே ஊசியில் அல்லது துவாரத்தில்.

அதை உறுதிசெய்ய இன்ஜெக்டரையே இடம் மாற்ற வேண்டும், அதற்கு நாலுக்கும் பெட்ரோல் கொண்டுவருகிற குழாயான ஃபியூவல் ரெயிலைக் கழற்ற வேண்டும். ஒருமுறை கழற்றினால் ஓ-ரிங் எல்லாம் புதுசு போடுவதுதான் நல்லது. கல்லுக்கட்டியில் ஒரு கடைக்காரர், "ரப்பர் வளையம்தானே ஆச்சி, இது போதும்" என்று குழாய்க்குப் போடுவதை எடுத்து நீட்டினார். சாதாரண ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும், வைட்டான் ரப்பராக இருக்க வேண்டும். ஸ்பேர்ஸ் கடையில் கேட்டு ஓ-ரிங் செட் வாங்கினேன். இன்ஜெக்டருக்கு மதுரையில் சொல்லி வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள். பழைய இன்ஜெக்டர் மேலே பொறித்திருக்கும் எண்ணைப் படமெடுத்துக் காட்டுங்கள், வண்டி மாடல் பெயரை மட்டும் சொன்னால் ஒத்தமாதிரி இருக்கிற வேறொன்று வந்து சேரும்.

இன்ஜின் ஆறியிருக்கும் விடியற்காலைதான் இதற்கு நேரம். பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு வண்டி தானாக நிற்கும்வரை ஓடவிட்டேன். குழாயில் இருக்கும் மூன்று பார் அளவு அழுத்தம் அப்படித்தான் இறங்கும், இல்லையென்றால் கழற்றும்போது பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். பேட்டரியின் நெகட்டிவையும் கழற்றினேன். அன்று வெள்ளிக்கிழமை, அத்தை குளித்துவிட்டு முகப்பில் விளக்கேற்றிச் சாம்பிராணி போட வந்துவிட்டார். "அத்தை, பெட்ரோல் வாடை அடிக்குது, இன்னிக்கு உள்ளே வளவோட நிறுத்திக்கங்க" என்றேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனவர், பீடியோடு வேடிக்கை பார்க்க வந்தவரைத் தெருமுனை வரைக்கும் விரட்டினார்.

செட்டிநாட்டுச் செம்மண் தூசி பற்றி ஈப்போ அப்பாவுக்குத் தெரியாது. ரெயிலைச் சுற்றி செக்கச்செவேலென்று அடை அடையாக இருந்தது. அப்படியே இழுத்தால் அவ்வளவும் துவாரம் வழியே சிலிண்டருக்குள் போகும். பெயின்ட் பிரஷாலும் சைக்கிள் பம்பாலும் சுத்தம் செய்ய ஆன நேரம், கழற்ற ஆன நேரத்தைவிட அதிகம். கனெக்டர்களை எடுத்து, இரண்டு போல்ட்டைக் கழற்றி, ரெயிலை நேராக மேலே தூக்கினால் நாலும் சேர்ந்து வரும். துவாரங்களைச் சுத்தமான துணியால் மூட மறக்கக் கூடாது. ஓ-ரிங்கில் புது இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு தடவி, திருகாமல் நேராக அழுத்த வேண்டும், முறுக்கினால் வளையம் கிழியும்.

இரண்டாவது, மூன்றாவது இன்ஜெக்டரை மாற்றிப் போட்டதும் கோளாறு எண் பி0303 ஆனது. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. ஐயா கைதட்டினார், அப்பா ஈப்போவிலிருந்து தட்டினார்.

மதுரையிலிருந்து பார்சல் வந்த பிறகு ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றினேன். நாலும் ஒரே அளவில் தெளிக்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மற்ற மூன்றும் நன்றாக அடிக்கும்போது அதற்குக் காசு கொடுக்க எனக்கு மனசில்லை. ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டுப் போட்டு எடுத்தேன். ஒவ்வொரு முறையும் பம்ப் சில வினாடி ஓடி அழுத்தம் ஏற்றும். டார்ச் அடித்து, டிஷ்யூவால் ஒவ்வொரு மூட்டையும் ஒற்றிப் பார்த்து, ஈரமில்லை என்ற பிறகுதான் ஸ்டார்ட். குன்றக்குடி வரை போய்வந்தோம், விளக்கு எரியவில்லை.

சின்ன ஓட்டத்துக்கு வருகிறேன். சூடான இன்ஜினை நிறுத்தியதும் இன்ஜெக்டர் நுனியில் மிச்சமிருக்கும் பெட்ரோல் அந்தச் சூட்டிலேயே வெந்து பிசினாகப் படியும். கோயிலுக்கும் கடைக்குமாக அடிக்கடி ஏற்றி இறக்கிவிட்டுப் பிறகு நாள்கணக்கில் நிறுத்திவைத்தால் படிந்துகொண்டே போகும். இப்போது வாரம் ஒருமுறை புதுக்கோட்டை பக்கம் ஒரு நீள ஓட்டம் விட்டுவிடுகிறேன். அத்தைக்கு அதில் ஏக சந்தோஷம், அங்கே அவருக்கு நிறைய சொந்தம்.

எதிர்வீட்டு மாமா தன் டீசல் வண்டியின் இன்ஜெக்டரையும் பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். காமன் ரெயில் டீசலில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும், ஊசிமுனைக் கசிவு பட்டால் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும், அதை வாசலில் வைத்துக் கழற்ற மாட்டேன், டீசல் பம்ப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டேன். "எங்களுக்குன்னா மட்டும் உனக்கு வராதாம்மா?" என்று அத்தையிடம் குறைபட்டிருக்கிறார்.